கன்னி பூஜைக்கு வைத்த காளான் குழம்பு

என் வயதொத்தவர்களே, இங்கே எச்சரிக்கை மணி இல்லை. நேரக் காப்பாளர் இல்லை. ஆகவே நிதானமாகப் பேசுகிறேன். நடுவில் நீங்கள் தேநீர் குடிக்க எழுந்து சென்றாலும் வருந்தமாட்டேன். முப்பதைக் கடந்தவள் தன்னை முதியவளாகக் காட்டிக்கொள்வது நகைப்புக்குரியது என்பதை அறிவேன். ஆயினும் எட்டு வயதில் ஒலிவாங்கியின் முன் நிறுத்தப்பட்டவளுக்கு மற்ற உறுப்புகளைவிடத் தொண்டை முன்னதாக மூப்படைந்துவிடுகிறது. என் பரிசுக் கோப்பைகளுக்கு அலமாரியில் இடம் போதாமல் பாதி கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். களைப்பு பெருமையைக் கொன்றுவிடுவதில்லை. அதைச் சற்று உட்கார வைக்கிறது, அவ்வளவே.

எந்த மேடைக்குச் சென்றாலும் இரண்டு மேசைகள். ஒட்டிப் பேசுவோர் ஒருபுறம், வெட்டிப் பேசுவோர் மறுபுறம். உலகத்தில் உள்ள எப்பொருளையும் அந்த இரண்டு மேசைகளுக்குள் அடக்கிவிட எனக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். நானும் பலருக்குக் கற்றுத் தந்திருக்கிறேன். இரண்டிலும் அடங்காத ஒன்றை நான் முதன்முதலில் சந்தித்தது ஒரு கார்த்திகை மாதத்தில். அது ஓர் ஓலைக்கொட்டானில் மண்ணோடு வந்து இறங்கியது.

அப்போது நாங்கள் கூடலூரில் இருந்தோம். அப்பா ஜீப் ஓட்டினார். விடியுமுன் ஏலத்தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலைப்பாதையில் ஏறுவார். பொழுது சாயும் வேளையில் அவர்களோடு இறங்குவார். வண்டிக்குள் டீசலும் ஏலக்காயும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு வாசம் நிரந்தரமாகக் குடியிருந்தது. கார்த்திகை முதல் தேதி அந்த வண்டியைக் கழுவி, முன்புறத்தில் சந்தனப் பொட்டிட்டு, மாவிலை செருகிவிட்டு, அப்பா சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்வார். அந்த ஆண்டு எனக்கும் மாலை போட்டார்கள்.

மாலை போட்ட வீட்டில் உறவுப் பெயர்கள் எல்லாம் ஒரு மண்டலம் விடுப்பில் போய்விடும். நான் அப்பாவைச் சாமி என்பேன். அப்பா என்னைச் சாமி என்பார். அம்மா எங்கள் இருவரையும் "சாப்பிட வாங்க சாமி" என்றே அழைப்பார். வாசலில் படுத்திருக்கும் தெருநாயைக்கூட "அங்கிட்டுப் போங்க சாமி" என்றுதான் விரட்ட வேண்டும். உயிர்களுக்கு இடையே உள்ள வேலிகள் யாவும் விழுந்துவிட்டன என்று அந்த வயதில் மெய்யாகவே நம்பினேன்.

விழாத வேலி ஒன்று இருந்தது. பெண்பிள்ளை பத்து வயது நிறைவதற்குள் அந்த மலைக்குப் போகலாம். நிறைந்துவிட்டால் பிறகு ஐம்பதைக் கடந்தபின்தான். எனக்கு அந்த மார்கழி நடுவில் பத்து நிறைய இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் எனக்கு அம்மை, அல்லது அம்மாவுக்குக் காய்ச்சல், ஏதேனும் ஒன்று குறுக்கே வந்து தட்டிப்போனது. மார்கழி பிறந்ததும் புறப்படுவது என்று அப்பாவின் குழு முடிவு செய்திருந்தது. ஆகவே அது எனக்கு முதல் வாய்ப்பு. கடைசி வாய்ப்பும் அதுவே. சிறுமியாக மலைக்குப் போகிறவளுக்கு மாளிகைப்புறம் என்று பெயர். அந்தப் பெயரைத் தெருவில் எவர் சொன்னாலும் என் கழுத்து ஓர் அங்குலம் உயர்ந்தது.

உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குப் பக்தி பெரிதாக இல்லை. நாள்தோறும் அப்பா ஏறி மறைகிற அந்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதுவும் அவர் பக்கத்தில் முன்னிருக்கையில் அமர்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் வேண்டுதல். அதற்காகக் குளிர்ந்த வாய்க்கால் நீரில் விடியற்காலையில் பல் கிட்டக் குளித்தேன். லோயர் கேம்ப்பில் மலையை விட்டு இறங்கி வரும் பெரியாற்று நீர் அது. உடம்பில் படும்போது கத்தி போல இருக்கும். வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனேன். அம்மா, அப்பாவின் பழைய கறுப்பு வேட்டியில் ஓரத்தை வெட்டி, என் தலை அளவுக்கு ஒரு சிறிய இருமுடிப் பை தைத்துத் தந்தார். முன்முடியில் ஒன்றும் பின்முடியில் ஒன்றுமாக இரண்டு தேங்காய்களைப் போட்டு, அதைத் தலையில் வைத்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் கிணற்றுக்கும் வேலிக்கும் இடையே நடந்து பழகினேன்.

இடி இடித்தால் காளான் வெடிக்கும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். கார்த்திகை நடுவில் ஓரிரவு முழுவதும் மலைமேல் இடித்தது. மறுநாள் காலை, அடுத்த வீட்டுப் பெரியம்மா கொல்லைச் சுவருக்கு மேலாக ஓலைக்கொட்டானை நீட்டினார். அது ராவுத்தர் வீடு. உத்தமபாளையத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர் அவர். ஊருக்கு மேற்கே அவர்களுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. முறைக்கு ஒன்றுமில்லை என்றாலும் அவரைப் பெரியம்மா என்று அழைத்தே நான் வளர்ந்தேன். நாங்கள் மாலை போட்டிருக்கும் நாள்களில் அவர் தாமாகவே எங்கள் அடுப்படிக்குள் வருவதை நிறுத்திக்கொள்வார். எல்லாம் சுவர் வழியாகவே நடக்கும்.

"ஏத்தா, இந்தா. தோப்புல புத்தச் சுத்திப் பூத்துக் கெடந்துச்சு. ஞாயித்துக்கெழம கன்னி பூசைக்கு வச்சிருந்தா வாடிப்போகும்னு பாத்தேன், நாளைக்குத்தான ஞாயிறு."

"இம்புட்டையுமா குடுக்குறீக? உங்க வீட்டுக்கு எடுத்து வச்சீகளாக்கா?" என்றார் அம்மா.

"எங்க வீட்டுல இதைத் திரும்பிப் பாக்க ஆளில்ல. ஆடு வேணும், கோழி வேணும்பாக. மாளிகைப்புறத்துக்குப் போடு. மண்ணோடதான் இருக்கு, நான் கழுவல."

அந்த இறுதிச் சொல்லை அன்று நான் பொருட்படுத்தவில்லை. கொட்டானுக்குள் சாம்பல் நிறக் குடைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. காம்பு நீளமாக, வேர் போல இறங்கி, நுனியில் புற்றுமண்ணைப் பற்றிக்கொண்டிருந்தது. நனைந்த மண்ணின் வாசமும் புது அரிசியின் வாசமும் சேர்ந்து எழுந்தன. விரலால் கிழித்தால் நார் நாராகப் பிரிந்தது.

முதன்முறை மலைக்குப் போகிறவர் வீட்டில் குழுவினர் அனைவரையும் அழைத்துப் பூஜை நடத்தி அன்னம் இடுவது வழக்கம். அதுதான் கன்னி பூஜை. ஞாயிறு நண்பகல் எங்கள் வீட்டுக் கூடத்தில் கறுப்பு வேட்டிகள் வரிசையாக அமர்ந்தன. முதல் இலையில் குருசாமி. கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்தவர். பதினெட்டாம் ஆண்டு மலையேறித் தென்னங்கன்று நட்டுவிட்டு வந்தவர். அவர் கையால் கட்டாத இருமுடியை எங்கள் தெருவில் எவரும் தலையில் ஏற்றியதில்லை. அவருக்கு அடுத்துக் கம்பத்தில் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்த வாத்தியார் சாமி; அவருக்கு எதிரே டெய்லர் சாமி. பூசணிக் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், சாம்பார், தயிர். இவற்றுக்கு நடுவே அம்மா தேங்காயும் மிளகும் வறுத்து அரைத்து வைத்த காளான் குழம்பு. அதைச் சின்ன வாளியில் ஏந்திப் பரிமாறியது நான். வாத்தியார் சாமி இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். டெய்லர் சாமி மூன்றாம் முறை.

அந்த மூன்றாம் முறையின்போது அவர் வாய்விட்டுப் பாராட்டினார்.

"ஊத்துங்க சாமி, கஞ்சத்தனம் பண்ணாதீக. மாலை போட்டதுல இருந்து நாக்கு செத்துக் கெடந்துச்சு. கறிக்கொழம்பு கெட்டது போங்க."

குருசாமியின் கை வாய்க்கருகே நின்றது.

"என்ன சொன்னீக சாமி?"

"ருசியச் சொன்னேன் சாமி."

"எந்த ருசிய?"

டெய்லர் சாமி தம் இலையைப் பார்த்தார். மற்றவர்களும் தத்தம் இலைகளைப் பார்த்தார்கள். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு," என்றது கடைக்கோடியில் ஒரு குரல். "நெஞ்செலும்புக் கறி மாதிரி." இன்னொருவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"நாக்குல கறி ருசி வந்துருச்சுன்னா விரதம் எங்கன நிக்கிது?" என்றார் குருசாமி.

இதை வெறும் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். முந்தைய ஆண்டு மலையிலிருந்து திரும்புகையில், லோயர் கேம்ப்புக்கு மேலே ஒரு வளைவில் அப்பாவின் ஜீப் சறுக்கி, பின்சக்கரம் ஒன்று பள்ளத்தின் மேல் காற்றில் தொங்கியது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்தச் சறுக்கலுக்கு ஒரு காரணம் வேண்டுமே. யார் விரதத்தில் என்ன குறை என்று ஆண்டு முழுவதும் தேடினார்கள், கிடைக்கவில்லை. அவர்களை அழைத்துச் சென்றவர் என்ற முறையில் குருசாமி அந்தப் பள்ளத்தைத் தம் தலைமேல் சுமந்துகொண்டே திரிந்தார். இப்போது நினைத்துப் பார்க்கையில் அது கோபமாகத் தெரியவில்லை, அச்சமாகவே தெரிகிறது.

"வாத்தியார் சாமி, நீங்க படிச்சவுக. இது செடியா, இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

செடி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைய பகல் பாயசத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் ஆசிரியர். கேள்வி கேட்கப்பட்டுவிட்டது, வகுப்பு கூடிவிட்டது.

"அந்தக் காலத்துல உயிரை ரெண்டாத்தான் பிரிச்சாக சாமி. செடி ஒண்ணு, விலங்கு ஒண்ணு. அப்பக் காளானச் செடிக் கூட்டத்துலதான் வச்சிருந்தாக."

"அப்பச் சரிதான்," என்று டெய்லர் சாமி மீண்டும் இலைக்குக் குனிந்தார்.

"இருங்க சாமி. அது சரியில்லன்னு அப்புறம் மாத்திட்டாக. இப்ப அஞ்சு உலகம்."

அவர் தம் இலையையே கரும்பலகை ஆக்கினார். ஐந்து உலக வகைப்பாட்டைப் பிற்காலத்தில் எத்தனையோ பேர் எனக்கு விளக்கியிருக்கிறார்கள். அந்த எச்சில் இலை அளவுக்குத் தெளிவாக எவரும் விளக்கியதில்லை. தயிரைத் தொட்டுக் காட்டினார். "இந்தத் தயிருக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிரு இருக்கு. பாலைத் தயிராக்குறது அதுதான். மொனிரா. அது ஒரு உலகம்." கைகழுவ வைத்திருந்த செம்பைக் காட்டினார். "இதுல வாய்க்காத் தண்ணி. ஒரு சொட்ட லென்ஸ்ல வச்சுப் பாத்தா அமீபா நெளியும். புரோட்டிஸ்டா, ரெண்டாவது." அவரைக்காயை நகர்த்தினார். "இது செடி, மூணு. விலங்கு இலையில கிடையாது. இலைக்கு முன்னால உக்காந்திருக்கு."

சிரிப்பு எழுந்தது. குருசாமி சிரிக்கவில்லை.

"சாமிமாரை விலங்குங்கிறீகளா?"

"உடம்பைச் சொன்னேன் சாமி. இந்தா, இதுதான் அஞ்சாவது." ஒரு காளான் துண்டை எடுத்து இலையின் மூலையில், மற்ற எதுவும் ஒட்டாத இடத்தில், தனியே வைத்தார். "பூஞ்சை. இது செடியும் இல்ல, விலங்கும் இல்ல. தனி."

"இதை எப்ப மாத்துனாக?"

"நான் காலேஜ்ல படிக்கிறப்பவே மாத்திட்டாக."

"அப்ப செடி இல்லன்னு தெரிஞ்சேதான் ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டீக."

இம்முறை சிரிப்பு பலமாக எழுந்தது. வாத்தியார் சாமியின் காதுமடல்கள் சிவந்தன. சிரிப்புக்கு ஆளான அறிஞர் அதோடு நிறுத்திக்கொள்வதில்லை. மேலும் ஒரு சான்று தருவார். மேடையில் இந்த வீழ்ச்சியைப் பலமுறை கண்டிருக்கிறேன். முதலில் கண்டது அன்றுதான்.

"செடின்னு எப்படிச் சாமி சொல்லுறது? பச்சையம் கிடையாது. வெயில வச்சுத் தனக்குச் சோறு ஆக்கிக்கத் தெரியாது. மக்குனது, செத்தது, அதைக் கரைச்சு உறிஞ்சித்தான் வளருது. அதோட செல்லுச் சுவரு இருக்கே, அது கைட்டின். நண்டு ஓடு இருக்குல்ல, அதுல உள்ள அதே பொருளு. உள்ளதச் சொன்னா, செடிய விட விலங்குக்குத்தான் இது கிட்டத்து ஒறவு."

அவர் சொன்னதில் பிழையில்லை என்பதைப் பின்னர் நூல்களில் சரிபார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் அந்தக் கூடத்தில் அமர்ந்திருந்தவர்கள் ஐந்து உலகங்களைக் கேட்கவில்லை. நண்டை மட்டும் கேட்டார்கள். ஒருவர் எழுந்து கொல்லைக்குப் போய் வாய் கொப்பளிக்கும் ஓசை வந்தது.

"அப்பச் சரி," என்றார் குருசாமி மெதுவாக. "செடி இல்லன்னு ஆகிப்போச்சு."

"விலங்கும் இல்லன்னு சொன்னேனே சாமி."

"செடி இல்லன்னா பெறகு என்னத்த விரதத்துல சேக்குறது?"

பரிகாரத்தை அவரே சொன்னார். எல்லோரும் மாலையைக் கழற்றி, குளித்து, மறுபடி போட்டு, விரதத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். மார்கழிப் பயணம் இல்லை. தை பிறக்கும்போது மகரஜோதிக்குப் போகலாம். பலர் தலையசைத்தார்கள். அவர்களுக்கு அது ஒரு சிறு தாமதம். ஒருவருக்கு அந்தச் சமயம் கடையில் வேலை குறைவு, நல்லதாகவே போயிற்று.

அடுப்படி வாயிலில் நின்ற அம்மா, அப்பாவைப் பார்த்துப் பேசுவது போல எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பிள்ளைக்கு மார்கழி நடுவுல பத்து முடிஞ்சிரும்ல."

அப்பா தம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன். பள்ளிப் பேச்சுப்போட்டிகளில் அந்த ஆண்டு என்னை வென்றவர் எவரும் இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வலது காலை அரையடி முன்னால் வைத்தேன். "பேசட்டும், பேசட்டும், மாளிகைப்புறம் பேசட்டும்," என்றார் டெய்லர் சாமி.

"அவைக்கு என் பணிவான வணக்கம்," என்று தொடங்கினேன். "நடுவர் அவர்களே, பால் பசுவிடமிருந்து வருகிறது. பசு விலங்கு. ஆனால் பாலைச் சைவம் என்கிறோம். தயிருக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருப்பதாக வாத்தியார் சாமி சொன்னார். தயிரையும் சைவம் என்கிறோம். தேன் பூச்சியிடமிருந்து வருகிறது. அதை அபிஷேகமே செய்கிறோம். ஆகவே, சைவம் என்பது அந்த ஐந்து உலகங்களில் ஒன்றின் பெயர் அன்று. அது நாம் வைத்த பெயர். நாம் வைத்த பெயருக்கு நாமே பயப்படலாமா என்று கேட்டு, வாய்ப்புக்கு நன்றி கூறி அமர்கிறேன்."

இத்தனை ஆண்டுகளில் நினைவு அந்தப் பேச்சைச் சற்றுச் செப்பனிட்டிருக்கக்கூடும். ஆனால் பாலும் தயிரும் தேனும் அதில் இருந்தன என்பது உறுதி.

கைதட்டல் எழுந்தது. அது எப்படிப்பட்ட கைதட்டல் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்களுடைய வலக்கைகள் எச்சிலாக இருந்தன. ஆகவே இடக்கையால் தத்தம் தொடையில் தட்டினார்கள். கறுப்பு வேட்டிகள் மீது தட்டிய அந்த மொத்தையான ஓசைக்கு இணையான பாராட்டு எனக்கு அதன்பின் எந்த அரங்கத்திலும் கிடைத்ததில்லை.

"அடேயப்பா. இது கலெக்டராத்தான் போகும்," என்றார் குருசாமி. அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. "சாமி, நீங்க பேசுனது அம்புட்டும் சரி. என்னால ஒரு சொல்லு மறுத்துச் சொல்ல முடியல. ஆனா பாலுக்கு நம்ம பாட்டன் பூட்டன் சாட்சி. இதுக்கு யாரு சாட்சி? ஒரு சந்தேகம் வந்துருச்சுன்னா வந்ததுதான். அதைச் சுமந்துக்கிட்டுப் பதினெட்டாம் படியில கால் வைக்க எனக்குத் துணிச்சல் இல்ல."

என் வாதத்தை ஒப்புக்கொண்டார், தீர்ப்பை மாற்றவில்லை. இரண்டும் ஒருசேர நடக்க முடியும் என்பதை அன்று வரை எனக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. என் கழுத்திலிருந்த மாலையை அப்பா கழற்றினார். துளசிமணிகள் வியர்வையில் ஒட்டியிருந்தன. மற்றவர்களுடையவை மறுநாள் கழுத்துக்குத் திரும்பின.

அன்று மாலை அம்மா ஒரு வழி சொல்லிப் பார்த்தார். "நீங்களும் பிள்ளையும் மட்டும் மார்கழியில போயிட்டு வாங்களேன்."

"குருசாமி கட்டாத கட்ட எப்படித் தலையில வைக்கிறது?"

"வேற குருசாமியே இல்லையா இந்த ஊர்ல?"

அப்பா ஜீப் சாவியை ஆணியில் மாட்டினார். பிறகு, "போன வருசம் சறுக்குனப்ப ஸ்டீரிங் என் கையில இருந்துச்சு. இன்னொரு தடவ சறுக்குனா என்னத்தச் சொல்லுவாக?" என்றார். அவர் அஞ்சியது காளானுக்கு அன்று, அந்த வளைவுக்கு என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சொந்தமாக ஒரு வண்டியும் சில மலைப்பாதைகளும் தேவைப்பட்டன.

வாத்தியார் சாமி இரண்டொரு நாள் கழித்து வந்தார். வாசலிலேயே நின்றார். "நான் முழுசாச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவுக முடிவு பண்ணிட்டாகம்மா. விலங்கு இல்லங்கிறதுக்கு இன்னும் நாலு காரணம் வச்சிருந்தேன்."

"நீங்க கொஞ்சம் முன்னாலேயே முடிச்சிருக்கலாம் சாமி," என்றார் அம்மா. குரலில் கடுமை இல்லை. அவருக்குக் காப்பி கொடுத்துத்தான் அனுப்பினார்.

பெரியம்மாவின் காதுக்கு இது எவ்வாறு சென்றது என்று தெரியாது. கொட்டான் அந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெருவில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். சொன்ன விதமும் நல்ல விதமாக இருந்திருக்காது. கொல்லைச் சுவருக்கு அப்பால் வந்து நின்றார். அன்று சுவரின் மேல் கையை வைக்கவில்லை.

"ஏத்தா, நான் பச்சையாத்தான குடுத்தேன். கழுவக்கூட இல்ல. உங்க வீட்டுத் தண்ணி மட்டும் படட்டும்னு மண்ணோட குடுத்தேன்."

"உங்க மேல ஒரு சொல்லு கிடையாதுக்கா. யாரும் ஒண்ணும் சொல்லல."

"சொன்னாக," என்றார் பெரியம்மா. "பிள்ள போகலையாமே."

அம்மா கொட்டானைத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பும் வழக்கமில்லை. அம்மா அதில் பன்னீர்த் திராட்சை நிறைத்திருந்தார். பெரியம்மா ஒரு குலையை மட்டும் எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். அதன்பின் அந்தச் சுவர் வழியாகத் தேங்காய் வந்தது, முருங்கைக்காய் வந்தது, பெருநாளைக்கு வாழைப்பழமும் சர்க்கரையும் வந்தன. எத்தனை இடி இடித்தும் காளான் மட்டும் வரவில்லை.

மார்கழி நடுவில் எனக்குப் பத்து நிறைந்தது. அம்மா கேசரி செய்தார். தை பிறக்குமுன் குழு புறப்பட்டது. கோயிலில் கட்டு நிறைக்கும்போது அப்பா என்னை அருகே அழைத்து, ஒரு தேங்காயில் என் கையாலேயே நெய் ஊற்றச் சொன்னார். உருக்கிய நெய் அந்தச் சிறிய கண் வழியாக இறங்கும்போது எழுந்த சூட்டையும் வாசத்தையும் இப்போதும் என் விரல் அறியும். "ஒன் தேங்காயும் என் கட்டுலதான் இருக்கு," என்றார். சாமி என்று அழைக்கவில்லை. நான் மீண்டும் மகளாகிவிட்டிருந்தேன்.

ஜீப் கடைவீதியைத் தாண்டி வடக்கிலிருந்து வந்த மற்ற வண்டிகளோடு கலந்து மலைப்பக்கம் திரும்பியது. முன்னிருக்கையில் டெய்லர் சாமி அமர்ந்திருந்தார். அம்மா தைத்த சிறிய இருமுடிப் பை சில மாதங்கள் ஆணியில் தொங்கியது. பிறகு தையலைப் பிரித்து, இரண்டாக மடித்து, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கைத்துணி ஆக்கினார்கள். அது எப்போது கரிந்தது, எப்போது தொலைந்தது என்று எவருக்கும் நினைவில்லை.

என் வயதொத்தவர்களே, சென்ற கார்த்திகையில் அல்லிநகரத்துப் பள்ளி ஒன்றில் நடுவராக அமர்ந்துவிட்டு, அம்மாவைப் பார்க்கக் கூடலூருக்குப் பேருந்து ஏறினேன். இரண்டு மேசைகளும் அன்று ஓயாமல் கத்தியிருந்தன, தலை கனத்தது. இறங்கும்போது மாலை மயங்கும் நேரம். பேருந்து நிலையத்துக்கு வெளியே குமுளிக்குப் போகும் சாமிமார் வேன்கள் வரிசையாக நின்றன. அவற்றின் நடுவே ஒரு தள்ளுவண்டி. பெரிய இரும்புத் தட்டில் சிவப்பாக ஏதோ கொதித்தது. அதைக் கரண்டியால் கொத்திக் கொத்திப் புரட்டிக்கொண்டிருந்தார் கடைக்காரர். வண்டியின் நெற்றியில் பலகை: காளான் மசாலா, சுத்த சைவம்.

வண்டியைச் சுற்றிக் கறுப்பு வேட்டிகள். மாலையும் சந்தனமுமாக நின்று, காகிதத் தட்டில் ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார்கள். நண்டைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த வழக்கு எந்த அவையில், எந்த நாளில் தள்ளுபடியானது? எதிர்த்து வாதிட்டவர் யார்? ஒருவரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

அவர்களுக்குள் ஒரு முதியவர் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்தார். தாடி முழுவதும் வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் கையிலிருந்த மரக்கரண்டி நின்றது.

"யாரு, மாளிகைப்புறமா?"

நெடுங்காலத்துக்குப் பின் அந்தப் பெயரைக் கேட்டேன். கழுத்து ஓர் அங்குலம் உயர்ந்தது, மறுக்கமாட்டேன்.

"ஆமா குருசாமி, நான்தான். நல்லா இருக்கீகளா?"

"இருக்கேன். டிவியில பேசுனியாமே, சொன்னாக." அவர் தம் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறைப்பதற்கு வழியில்லை; மறைக்கவும் முயலவில்லை. "இப்ப எல்லாரும் சாப்பிடுறாக," என்றார். "பேரப்பிள்ளைக வாங்கிக் குடுத்துச்சுக. பல்லுக்கு மெத்துன்னு இருக்கு."

"நல்லா இருக்கா சாமி?"

"ஒங்க ஆத்தா வச்ச மாதிரி இல்ல."

அருகில் இருந்த வேனில் யாரோ சரணம் சொல்லத் தொடங்கினார்கள்.

"அம்பதுக்கு இன்னும் எம்புட்டு இருக்கு ஒனக்கு?"

அவர் அதைக் கணக்கில் வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"பாதிக்கு மேல வந்துட்டேன் சாமி."

"அதுவரைக்கும் நான் இருக்க மாட்டேனே. ஒனக்கு யாரு கட்டு கட்டுறது?"

"இப்பவே கட்டி வச்சிட்டுப் போங்க."

அவர் சிரிக்க முயன்று, பாதியில் நிறுத்திவிட்டு, கடைக்காரரைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். "ஏலே, பிள்ளைக்கு ஒரு தட்டுப் போடு. எனக்கும் இன்னும் கொஞ்சம்." பிறகு பக்கத்து நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு இடம் விட்டார்.

அந்த நாற்காலியில் அமர்ந்தேன். களைப்பாகவும் இருந்தது, பசியாகவும் இருந்தது. தட்டு சுட்டது. ஊதி ஊதித் தின்றேன். மாவும் மிளகாயும் விலக்கி உள்ளே தேடினால், அதில் காளான் பேருக்கு ஒன்றிரண்டு துணுக்குகள், மற்றதெல்லாம் முட்டைக்கோஸ்.